அப்பளம் பொரிக்கத் தெரிந்தவருக்கு சால்டரிங் வரும்

பதிவு கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

எட்டாம் வகுப்பு முடித்து வெளியே போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒரு சர்க்யூட் போர்டில் அறுந்துபோன இரண்டு ஒயரை போர்டு கெடாமல் பற்றவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது என் கட்சி. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாங்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். ஒருவர், "பிள்ளைங்க கையைச் சுட்டுக்கும் டீச்சர்" என்றார். இன்னொருவர், "அதுக்குத்தான் ஐ.டி.ஐ. இருக்கே" என்றார். மூன்றாமவர் சிரித்துவிட்டு, "இந்தக் காலத்துல யாரு ரிப்பேர் பண்றா? தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குறாங்க" என்றார். மூன்று பேரும் நல்லாசிரியர்கள்தான். மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

நான் என்ஜினீயர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, ஆறு முதல் எட்டு வரை அறிவியலும் கணக்கும் நடத்தியவள். என் அண்ணன் ரேடியோ கடை வைத்திருந்தார். பாவாடை சட்டைக் காலத்திலிருந்தே அந்தக் கடையின் ஈயப் புகை எனக்குப் பழக்கம். தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு போதும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் தொழிலைப் பற்றிப் பேசுவோம்.

போர்டு கெட்டுப்போவது ஏன்? சூடு அதிகமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதனால் பயந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், அரைகுறையாகச் சூடேறிய சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு, ஈயம் உருகும் உருகும் என்று பத்து விநாடி, பதினைந்து விநாடி அழுத்திப் பிடிக்கிறார்கள். அங்கேதான் கெடுகிறது.

அப்பளம் பொரித்திருப்பீர்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் போட்ட மாத்திரத்தில் பொரிந்து மேலே வந்துவிடும், எண்ணெயும் குடிக்காது. எண்ணெய் காயாமல் போட்டால்? அப்பளம் அடியிலேயே கிடந்து எண்ணெயைக் குடித்து, பொரியவும் செய்யாமல் பச்சையாகவும் இல்லாமல் நமத்துப்போய் வரும். "சூடு குறைவாகத்தானே வைத்தேன், ஏன் கெட்டுப்போச்சு" என்று யாராவது கேட்பார்களா? சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோகிறது.

போர்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திய ஒரு பலகை. அதன்மேல் செம்புத் தகடு ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தகட்டின் கனம் வழக்கமாக 35 மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. ஒயர் பற்றவைக்கும் இடத்தை பேட் என்கிறோம். அந்த பேட் போர்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது பிசினின் பிடியில்தான். சாதாரண போர்டுகளில் அந்தப் பிசின் 130, 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இளக ஆரம்பித்துவிடும். நாம் கொண்டுபோய் வைப்பதோ 350 டிகிரி முனை. ஆகவே பேட் எப்போதும் ஆபத்தில்தான் இருக்கிறது. நம் கையில் இருப்பது நேரம் மட்டும். நல்ல சூட்டில் இரண்டு மூன்று விநாடியில் வேலையை முடித்து எடுத்துவிட்டால், பிசின் முழுக்க இளகுவதற்குள் ஈயம் ஓடிப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. சூடு மட்டும் பேட்டைப் பிய்ப்பது குறைவு. சூடோடு இழுப்பும் சேரும்போதுதான் பிய்கிறது. ஈயம் உருகிவிட்டதா என்று ஒயரை ஆட்டிப் பார்ப்பது, அயர்ன் முனையால் குத்திப் பார்ப்பது, பழைய ஒயரை எடுக்கும்போது முழுதாக உருகும் முன் இழுப்பது, இந்த மூன்றும்தான் கொலைகாரர்கள். பிசின் இளகிய நேரத்தில் லேசாக நெம்பினாலும் தகடு உரிந்து வந்துவிடும். மலிவு ரேடியோக்களிலும் பொம்மைகளிலும் வரும் காவி நிற போர்டுகள், காகிதமும் பிசினும் சேர்த்துச் செய்தவை, இன்னும் நோஞ்சான். அவற்றில் ஒருமுறை தவறினால் அடுத்த வாய்ப்பு கிடைப்பது அரிது.

அண்ணன் கடையில் நான் பார்த்த முறை இது. முதலில் அயர்ன் முனை பளபளவென்று இருக்க வேண்டும். கருத்துப்போன முனை எவ்வளவு சூடாக இருந்தாலும் சூட்டைக் கடத்தாது. ஈரப் பஞ்சில் துடைத்து, உடனே கொஞ்சம் ஈயம் பூசிவிட வேண்டும். அடுத்து ஒயர். முனையில் மூன்று மில்லிமீட்டர் உறையை உரித்து, இழைகளை முறுக்கி, போர்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாமல் தனியாக வைத்து ஈயம் ஏற்ற வேண்டும். அயர்ன் கீழே, ஈயக்கம்பி மேலே. ஈயம் இழைகளுக்குள் தானாக இறங்கும். அப்புறம் பேட்டின் மேல் தனியாக ஒரு சின்ன மேடு, கடுகு அளவு. கடைசியில் ஈயம் ஏறிய ஒயரை அந்த மேட்டின் மேல் வைத்து அயர்னால் தொட்டால் போதும். இரண்டும் ஏற்கெனவே ஈயம் குடித்திருப்பதால் ஒரு விநாடியில் ஒன்றாகிவிடும். அயர்னை எடுத்த பிறகு, ஈயம் இறுகும்வரை ஒயரை ஆட்டக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் "ஆடாமல் உட்கார்" என்று நாற்பது பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் சொல்கிறேன், அந்த இரண்டு விநாடி ஆடாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான பகுதி.

நிறைய பேர் ஈயத்தை அயர்ன் முனையில் உருக்கி, சொட்டுப்போல எடுத்துவந்து இடத்தில் அப்புகிறார்கள். வேண்டாம். ஈயக்கம்பியின் நடுவே பைன் மரப் பிசினில் செய்த பிளக்ஸ் இருக்கிறது. செம்பின் மேலுள்ள அழுக்குப் படலத்தை நீக்குவது அதுதான். முனையிலேயே உருக்கினால் அது வழியிலேயே புகைந்துபோய்விடும். வந்து சேரும் ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும், பிடித்திருக்காது. தாமரை இலைத் தண்ணீர் என்பது இங்கேயும் பொருந்தும்.

மூன்று விநாடியில் ஓடவில்லையா? கையை எடுத்துவிடுங்கள். ஆறட்டும். ஏன் ஓடவில்லை என்று பாருங்கள். முனை கருத்திருக்கலாம். அந்த பேட் போர்டின் பெரிய எர்த் பரப்போடு சேர்ந்திருக்கலாம். பெரிய செம்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொண்டே போகும். அங்கே தேவை அகலமான முனையும் கூடுதல் வாட்டும். கூடுதல் நேரம் கொடுத்தால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து வேகும்.

இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன், பார்வை இல்லாதவன், கல்லூரி முடித்துவிட்டு விடுதி அறை ஒன்றில் தங்கி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒலிப்புத்தகம் கேட்கும் சின்ன பிளேயர் ஒன்று இருந்தது. அறையில் அவனைப் போலவே இன்னும் இரண்டு பேர். மூன்று பேரும் அதை நடுவில் வைத்துக் கேட்டுத்தான் படிப்பு. ஒருநாள் கீழே விழுந்து சத்தம் நின்றுவிட்டது. இயர்போன் மாட்டினால் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை. இயர்போனில் கேட்கிறதென்றால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரோ அதன் ஒயரோதான் கோளாறு என்று அவனே சொன்னான். ஏழாம் வகுப்பு மின்சுற்றுப் பாடம் நினைவிருக்கிறது பிள்ளைக்கு. பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தான். கடைக்காரர் அண்டா குண்டா பற்றவைக்கிற மாதிரிப் பெரிய அயர்னை வைத்து, டப்பா பேஸ்ட்டைத் தடவி அழுத்தியிருக்கிறார். பேட் ஒயரோடு கையில் வந்துவிட்டது. "போர்டு போச்சு தம்பி, புதுசு வாங்கிக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

போர்டு போகவில்லை. என்னிடம் படித்த இன்னொருவர் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், அவரிடம் அனுப்பினேன். பேட் உரிந்த இடத்திலிருந்து டிராக் எங்கே போகிறது என்று லென்ஸில் பார்த்தார். அரை அங்குலம் தள்ளி ஒரு சின்னப் பாகத்தின் முனையில் போய் முடிந்தது. அதன் பக்கத்தில் பச்சைப் பூச்சை பிளேடு முனையால் செம்பு தெரியும்வரை சுரண்டினார். காயில் சுற்றும் மெல்லிய செப்புக்கம்பியை அங்கே பற்றவைத்து, மறுமுனையை ஸ்பீக்கர் ஒயரோடு சேர்த்து, மேலே ஒரு சொட்டு சூட்டுப்பசை வைத்தார். பேஸ்ட் மிச்சத்தை ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் கழுவிவிட்டார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். "டீச்சர், காசு வேண்டாம், நீங்க சொல்லித்தான் தெரியும்" என்றார். நான் சொல்லிக்கொடுத்தது பேட்டரி, பல்பு, சுவிட்ச் மட்டும்தான். மற்றதெல்லாம் அவர் கையில் சுட்டுச் சுட்டுக் கற்றுக்கொண்டது.

முதல் கடைக்காரர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் செய்ததன் விலை மூன்று பேரின் ஒரு வருஷமாக இருந்திருக்கும். புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்று சிரித்த நண்பருக்கு நான் சொல்வது இதுதான். எல்லோராலும் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிட முடியாது. முடிகிறவர்கள் எறிவதும் எங்கோ ஒரு குப்பைமேட்டில் எரிந்து, யாரோ ஒரு பிள்ளையின் மூச்சில்தான் போய்ச் சேர்கிறது.

அந்த டப்பா பேஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாத்திரத்துக்கும் குழாய்க்கும் பற்றவைக்க விற்கும் அமிலப் பேஸ்ட் போர்டுக்கு ஆகாது. அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் பச்சைப் பாசி மாதிரி பூத்து, ஒயர் இழைகளை ஒவ்வொன்றாக அரித்துவிடும். பழுதுபார்த்த இடமே மறுபடி பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, பற்றவைத்த ஒயர் அறுவது பெரும்பாலும் ஈயம் முடிகிற இடத்தில். ஈயம் குடித்த பகுதி விறைப்பாக நிற்கும், அதற்குப் பின்னால் ஒயர் வளையும். இரண்டும் சேரும் இடத்தில் ஆடி ஆடி அறுந்துவிடும். ரப்பர் செருப்பின் வார் எங்கே அறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஒயரைச் சூட்டுப்பசையாலோ நூல் கட்டியோ போர்டோடு பிடித்து வைத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். நம் கடைகளில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

கையால் வேலை செய்து கற்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தார். 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி குழு, வேலை அனுபவம் பள்ளிக் கல்வியின் பகுதியாக இருக்க வேண்டும் என்றது. 1977-இல் ஈஸ்வர்பாய் படேல் குழுவும் சமூகத்துக்குப் பயன்படும் உற்பத்தி வேலை என்று அதையே வேறு பெயரில் சொன்னது. பயிற்சிப் பள்ளியில் இவற்றையெல்லாம் நாங்கள் உருப்போட்டுத் தேர்வு எழுதினோம். எழுதி மதிப்பெண் வாங்கினோம், அதோடு சரி. நான் வேலை பார்த்த பள்ளிகளில் கைத்தொழில் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போகும், இல்லாவிட்டால் மைதானத்தில் புல் பிடுங்கப் போகும்.

2016-இல் நிதி ஆயோக் அடல் டிங்கரிங் ஆய்வகங்களைத் தொடங்கியது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. இன்னும் 50,000 ஆய்வகங்களை அரசுப் பள்ளிகளில் அமைப்போம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படிப்பட்ட ஓர் ஆய்வகத்தைப் போய்ப் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பிள்ளைகள் எல்லாவற்றையும் பிரெட்போர்டில் செருகிச் செருகிச் செய்கிறார்கள். சென்சார் வேலை செய்கிறது, விளக்கு எரிகிறது, கைதட்டல் வாங்குகிறது. மாலையில் எல்லாவற்றையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். சால்டரிங் அயர்ன் உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது. "யாராவது சுட்டுக்கிட்டா பெற்றோர் வந்து நிப்பாங்க மேடம்" என்றார் பொறுப்பாசிரியர். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் காட்டி, ஆறு மாதம் கழித்தும் எரிகிற ஒரு விளக்கைச் செய்யாத பிள்ளை, தான் ஏதோ செய்தோம் என்று எப்படி நம்பும்? பிரெட்போர்டு கரும்பலகை மாதிரி, எழுதி அழிக்க. நோட்டில் எழுதுவதும் வேண்டாமா?

அறிவியல் கண்காட்சி சமாச்சாரம் இதைவிட மோசம். கடையில் செய்து வைத்த மாடலைக் காசு கொடுத்து வாங்கிவந்து, பின்னால் ஒட்டியிருக்கும் விளக்கத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டு, "இதை நீயே மறுபடி மாட்டு பார்ப்போம்" என்று நடுவர்கள் கேட்க வேண்டும். நான் நடுவராகப் போன இரண்டு இடங்களில் கேட்டேன். மூன்றாவது இடத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

பயத்துக்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. கை சுடும். சுட்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் வைக்க வேண்டும், பற்பசை, இங்க் எதுவும் தடவக் கூடாது. இட்லிக் கொப்பரையைத் தூக்கும் பத்து வயதுப் பெண்பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு சால்டரிங்குக்குப் பயப்படுவது எனக்கு விளங்கவில்லை. அடுப்படியில் கை சுட்டால் அது "வேலை கற்றுக்கொள்வது", ஆய்வகத்தில் சுட்டால் "விபத்து". இதில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தடை, "உனக்கெதுக்குடி இது" என்று. அப்பளம் பொரிக்கிற கைக்குத்தான் சூடு பற்றிய கணக்கு சரியாகத் தெரியும் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

கரண்ட் பயம் நியாயமானது. அதில் சமரசம் கூடாது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் போர்டைப் பிள்ளைகள் தொடக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும். டி.வி., சார்ஜர், எல்.இ.டி. விளக்கு போர்டுகளில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கி நிற்கும். பள்ளியில் பேட்டரியில் ஓடுவது மட்டும் போதும், அதுவும் பேட்டரியைக் கழற்றிவிட்டு. லித்தியம் செல்லின் மேல் நேராக அயர்ன் வைப்பது யாருக்கும் ஆகாது. அயர்ன் மூன்று பின் பிளக்கோடு இருக்கட்டும், அந்த எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, போர்டில் உள்ள ஐ.சி.க்கும் பாதுகாப்பு.

ஈயத்தைப் பற்றி என் பழைய ரேடியோ கடை நண்பர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவர்கள் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த கம்பிதான் சிறந்தது என்பார்கள். உண்மைதான். அது 183 டிகிரியில் சட்டென்று உருகிச் சட்டென்று இறுகும், பேட்டுக்கும் சுகம். காரீயம் இல்லாத கம்பி 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், பளபளப்பும் வராது, கை பழக நாளாகும். ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுச் சாதனங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியும் அங்கே கடைகள் மூடிவிடவில்லை. பெரியவர்கள் தங்கள் மேசையில் எதையும் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே பள்ளிக்கு காரீயம் இல்லாத கம்பிதான், நாலு பேட் கூடுதலாகப் பிய்ந்தாலும் சரி. மேலே எழும் புகை பிளக்ஸின் புகை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆகாது, ஜன்னலோரம் மேசை போட்டு ஒரு சின்ன ஃபேனை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சத்துணவு வரிசை.

ஐ.டி.ஐ.யில் சொல்லித்தருவார்கள் என்ற நண்பருக்கு ஒன்று. தையல் வகுப்புக்குப் போனவர்கள் மட்டுமா பட்டன் தைக்கிறார்கள்?

தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு என் யோசனை. சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள அயர்ன் மூன்று, 0.8 மில்லிமீட்டர் கம்பி ஒரு சுருள், பித்தளைச் சுருள் துடைப்பான், கண்ணுக்கு பிளாஸ்டிக் கண்ணாடி. போர்டுகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய ரிமோட், பொம்மை, செத்த டி.வி.டி. பிளேயர் எல்லாம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். ஒரு மேசைக்கு இரண்டு பிள்ளை, ஒருவர் பற்றவைக்க ஒருவர் விநாடி எண்ண. முதல் பாடத்தில் விளக்கு எரிய வேண்டியதில்லை. ஒரே பேட்டில் ஒரு ஒயரை வைத்து, ஆறவிட்டு, எடுத்து, மறுபடி வைத்து, இப்படி ஐந்து முறை. ஐந்தாவது முறையும் பேட் போர்டோடு ஒட்டியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அடுத்த மேசை. பிய்ந்துவிட்டால் அதே போர்டில் அடுத்த பேட். ஒரு பழைய டி.வி.டி. பிளேயர் போர்டில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, தீர்ந்துபோகாது.